காரணம் என்கிற கட்டம்

தண்டையார்பேட்டையில் இருபது படுக்கை ஆஸ்பத்திரி.
லிஃப்டுக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில்
கண்ணாடிக்குப் பின்னால் நான்.
தலைக்கு மேலே 'கேஷ்லெஸ்' என்று எழுதியிருக்கும்.
அதைப் படித்து முகம் தெளிந்தவர்களிடம்
முதலில் அட்வான்ஸ் கேட்பது என் வேலை.

அன்றைக்கு எனக்கு நைட்.
ஒன்றே முக்காலுக்கு அமலதாஸைக் கொண்டுவந்தார்கள்,
மீன்பாடி வண்டியில்,
ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட.
வயது இருபத்தாறு. உதடு நாவல்பழ நிறம்.
நிமிஷத்துக்கு நாலு மூச்சு என்று
சிஸ்டர் சொன்னது என் மேஜைவரை கேட்டது.

டாக்டர் நலாக்சோன் என்று கத்தினார்.
கீழே கடையில் இரண்டுதான் இருந்தது.
முதல் ஊசிக்கு ஒன்றும் நடக்கவில்லை.
இரண்டாவதற்கு,
பாரில் சிக்கிய வலை விடுபட்ட மாதிரி
ஒரு மூச்சு.
அப்புறம் வாந்தி.
அப்புறம், எழுப்பினவனின் தாயைச் சேர்த்து
ஒரு கெட்டவார்த்தை.
அக்கா பிலோமி அந்தக் கெட்டவார்த்தைக்குச்
சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள்.

அவனுடைய பழைய ஃபைல் என் அலமாரியிலேயே இருந்தது.
போன ஆடியில், துறைமுகத்தில்,
கன்டெய்னர் கட்டுகிற இரும்புக்கம்பி தோளில் விழுந்தது.
இதே பாலிசி. இதே கண்ணாடி.
ஆபரேஷனுக்குக் கொடுத்தார்கள்.
பிளேட்டுக்கும் ஆறு ஸ்க்ரூவுக்கும் கொடுத்தார்கள்.
பதினைந்து நாள் டபென்டடாலுக்குப்
பைசா குறைக்காமல் கொடுத்தார்கள்.
பதினாறாம் நாளும் தோள் அவனுடையதாகத்தான் இருந்தது.
பிறகு எங்கே வாங்கினான்,
மாத்திரை எப்போது ஊசியானது,
அதற்கெல்லாம் என்னிடம் ரசீது இல்லை.

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம்:
அனுமதிக்கப்பட்ட காரணம்.
மூன்று விரற்கடை நீளம்.
மூச்சுத்திணறல் என்று மட்டும் எழுதலாம்.
பொய்யில்லை. பாதி.
பிலோமி கண்ணாடி ஓட்டையில் வாயை வைத்தாள்:
"எக்கா, நிமோனியான்னு போட்டுக்குடேன்.
மார்ல சளின்னு போடு. உனுக்கு இன்னா போவுது?"
வேலை போகும்.
அதை அவளிடம் சொல்லவில்லை.
டாக்டர் எழுதினதையே எழுதினேன்.

நாலாம் நாள் மெயில் வந்தது.
விலக்கு. பிரிவு இத்தனை, உட்பிரிவு இத்தனை:
போதைப்பொருள் உபயோகத்தால் நேர்ந்தவை.
ஐசியூ இரண்டு நாள், ஆக்சிஜன், படுக்கை
எல்லாவற்றையும் மொத்தமாகக் கழித்துவிட்டு
நலாக்சோன் ஆம்பூல் இரண்டுக்கு நேரே
தனியாக ஒரு கோடு.
கொருக்குப்பேட்டை கேட் மூடிக்கொண்டால்
ஆட்டோக்காரர் கேட்கிற வெயிட்டிங்கைவிடக்
குறைவான தொகை அது.
அதையும் விடவில்லை.
அந்தக் கோட்டைப் போட்டவர்
சாப்பிட்டுவிட்டு வந்து போட்டாரா, சாப்பிடுவதற்கு முன்னாலா
என்று ஏனோ யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிலோமி ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துக் கட்டினாள்.
மேல்முறையீட்டை அவள் பேரில் நான் டைப் அடித்தேன்.
'நீங்கள் பணம் கொடுத்த மாத்திரை
இழுத்துச் சாத்திய கதவை
இந்த மருந்துதான் திறந்தது' என்று ஒரு வரி.
அழித்துவிட்டேன்.
அழகான வாக்கியத்துக்கு ரெஃபரன்ஸ் எண் கிடையாது.
பில் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, தோள் எக்ஸ்ரே.
பதில் இன்னும் வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அமலதாஸே வந்தான்.
என் முகத்தைப் பார்க்காமல்
கண்ணாடியிலிருந்த ஸ்டிக்கரைப் பார்த்துப் பேசினான்.
"அந்த ஊசி பேர் இன்னாக்கா? எழுதிக்குடு."
பழைய பில்லின் பின்பக்கம் எழுதினேன், தமிழில், பெரிதாக.
மடித்துப் போன் கவருக்குள் செருகினான்.
"எனுக்கில்ல. நம்ம செட்டுல இன்னும் மூணு பேரு கீறானுங்க."

ஷிஃப்ட் முடிந்து மருந்துக்கடையில் கேட்டேன்.
"அன்னிக்கு ரெண்டு போனதோட சரிம்மா,
அதெல்லாம் யாரு கேக்குறாங்க" என்றார்.
பிறகு, என்ன நினைத்தாரோ,
ஆர்டர் நோட்டை விரித்து
எத்தனை என்றார்.
யார் பேரில் என்றார்.